அம்மாவின் கட்டைவிரலும் நான் கவனிக்காத வலியும்

இந்தக் கட்டுரையை இப்போது எந்த விரலால் தள்ளிப் படிக்கிறீர்கள்? பெரும்பாலும் கட்டைவிரலாகத்தான் இருக்கும். அந்த ஒரு விரல் ஓய்வு கேட்டால் ஒரு வீடு என்ன ஆகும் என்பதைப் போன மார்கழியில்தான் தெரிந்துகொண்டேன்.

என் அம்மா டெய்லர். ஈரோட்டில் எங்கள் வீட்டு முன் அறைதான் அவருடைய கடை. நான் பிறப்பதற்கு முன்பு வாங்கிய தையல் மெஷின் இன்னும் ஓடுகிறது. என் டிப்ளமோ ஃபீஸ் முழுக்க அம்மா தைத்த ஜாக்கெட்டுகளில் இருந்து வந்தது.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். தினமும் இரவு வீடியோ கால். கொஞ்ச நாளாக அம்மா போனைக் கையில் பிடிக்காமல் மெஷின் மேல் சாய்த்து வைத்துப் பேசுவார். ‘தைத்துக்கொண்டே பேசுகிறார்போல’ என்று நினைத்துக்கொண்டேன். போனைப் பிடிக்க முடியாமல்தான் அப்படி வைத்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதில் இன்னொரு கொடுமை, அந்த நேரத்தில் மூட்டுவலி பற்றி நானே ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அம்மா அதைப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கறே கண்ணு” என்று மெசேஜ் அனுப்பினார். நான் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

கத்தரியில் சுற்றிய துணி

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் கத்தரியைப் பார்த்தேன். கைப்பிடி முழுக்கப் பழைய காட்டன் துணி சுற்றியிருந்தது. எதுக்கும்மா என்றேன். “பிடிக்க வாட்டமா இருக்குதுன்னு சுத்தினேன் கண்ணு” என்றார். அன்று மதியம் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க என்னிடம் நீட்டினார். சாயங்காலம் துணி பிழியக் கூப்பிட்டார். பூட்டில் சாவியைத் திருப்பும்போது முகம் சுருங்கியது. கையைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் ஒரு மேடு.

“எத்தனை நாளாம்மா?”

“அது ஆகுது மூணு வருசம். சுளுக்குன்னு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தேன்.”

எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் என்று வந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். கட்டைவிரலின் அடிமூட்டு குதிரைச் சேணம் மாதிரி இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்த இரண்டு சேணங்கள். அதனால்தான் கட்டைவிரல் எல்லாப் பக்கமும் திரும்புகிறது. ஆனால், நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்தால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ பாரம் விழும். நடுவே இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்ததும் எலும்போடு எலும்பு உரசுகிறது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு, அதிலும் மாதவிலக்கு நின்ற பிறகு, இது அதிகம் வருகிறதாம்.

எடுத்த எடுப்பில் யாரும் ஆபரேஷன் செய்துவிடவில்லை. முதலில் விரலை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட், மாத்திரை. அப்புறம் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி. நாலு மாதம் நிம்மதியாகப் போனது. அடுத்த தீபாவளி ஆர்டர் முடிவதற்குள் வலி திரும்பிவிட்டது. இந்த முறை ராத்திரித் தூக்கமும் போனது.

மார்கழியில் ஆபரேஷன்

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஜாக்கெட் ஆர்டர் குறைவு. அதனால் அம்மாவே அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார். ட்ரபீசியம் என்ற சின்ன எலும்பை எடுத்துவிட்டு, முன்கையில் இருந்து ஒரு தசைநாரை எடுத்துச் சுருட்டி அந்த இடத்தில் வைப்பார்கள் என்றார் டாக்டர்.

“ஏனுங்க டாக்டர், எலும்பை எடுத்துப்போட்டா விரல் நிக்குமுங்களா?” என்று கேட்டார் அம்மா.

“நிக்கும்மா. உடனே பலம் வராது. அவசரப்படாம இருந்தா வலி இல்லாம நிக்கும்.”

கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன். அன்று ராத்திரி வரை கையில் உணர்வே இல்லை. “கையே இல்லாத மாதிரி இருக்குது சாமி” என்று பயந்தார். விடியற்காலையில் உணர்வோடு வலியும் வந்தது. கையை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணையில் வைத்திருக்க வேண்டும், மற்ற விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆபீஸில் அனுமதி வாங்கியிருந்தேன். அம்மாவுக்குத் தலை பின்னினேன், சோறு ஊட்டினேன். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தவருக்கு ஒரு கொக்கி மாட்டிவிட ஆள் தேவைப்பட்டது. அவர் போன் வலது கட்டைவிரல் ரேகையில்தான் திறக்கும். அந்த விரலோ கட்டுக்குள். பின் நம்பரும் மறந்துபோச்சு. அன்று இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆனால், பத்தாவது நாள் அழுதார். ஒரு வாடிக்கையாளர் வந்து, “தைமாசம் கல்யாணம்க்கா, வேற இடத்துல குடுத்துக்கறேன்” என்று துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அவர் மேல் தப்பே இல்லை. அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “ஆறு மாசம் கழிச்சு வந்தா என்னைய யாருக்கு ஞாபகம் இருக்கும்?” என்றார். மூன்று வருடம் வலியை ஏன் மறைத்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கத்திக்குப் பயந்து இல்லை. அந்த முன் அறை காலியாகிவிடும் என்ற பயம்.

எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தேன்.

சப்பாத்தி மாவு வைத்தியம்

இரண்டு வாரத்தில் தையல் பிரித்து மறுபடியும் கட்டு. ஐந்து வாரத்தில் கட்டை எடுத்தபோது கை மெலிந்து, தோல் உரிந்து, கட்டைவிரல் விறைத்துக் கிடந்தது. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்றே நினைத்தோம். பிசியோதெரபிஸ்ட் சிரித்தார். கட்டைவிரல் நுனியால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுவதுதான் முதல் பாடம். ஆள்காட்டி விரலைத் தொட்டது அன்றைக்கே. சுண்டுவிரலைத் தொட மூன்று வாரம் ஆனது. அப்புறம் மென்மையான களிமண் உருண்டையை அமுக்கச் சொன்னார்கள். அம்மா அதற்குச் சப்பாத்தி மாவை எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் வரை துணி பிழியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. முழுப் பலம் வர ஒரு வருடம்கூட ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

மார்கழி முழுக்க வாசலில் என் கோணல் கோலம்தான். சித்திரை முதல் நாள் காலையில் எழுந்து வந்தால், வாசலில் சின்னதாக ஒரு நாலு புள்ளிக் கோலம். கோடு அங்கங்கே தடித்திருந்தது. அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். “கிள்ள வருது கண்ணு” என்றார்.

இப்போது ஆடி. ஸ்பிரிங் வைத்த கத்தரி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு ஜாக்கெட்டுக்கு மேல் தைப்பதில்லை. கொக்கி கட்டும் வேலை பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போய்விட்டது. வருமானம் பாதிதான். துணியைத் திரும்ப வாங்கிப் போனவர் போன வாரம் வந்தார், அளவு ஜாக்கெட்டோடு.

உங்கள் வீட்டிலும் யாராவது பாட்டில் மூடியைத் திறக்கச் சொல்லி நீட்டினால், திறந்து கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கையை ஒரு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். எல்லா வலிக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. சீக்கிரம் டாக்டரிடம் காட்டினால் ஸ்பிளின்டும் பயிற்சியுமே பலருக்குப் போதுமானது.

நான் இப்போதும் தினமும் வீடியோ காலில் பேசுகிறேன். அம்மா போனைக் கையில் பிடித்துப் பேசுகிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.