எண்கள் ஏறிய ஏணி

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கழக்கூட்டம் என்றவுடன் டெக்னோபார்க் நினைவுக்கு வரும். அவர்களுள் சிலருடைய பெற்றோர் அங்கேயே பணிபுரிவர். அந்தத் தொழில்நுட்பப் பூங்கா 1990ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1973இல், கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாயிற்று. எனவே மின்னணுத் தொழில் இந்நகருக்குப் புதியதன்று. ஆயினும் டெக்னோபார்க் தோன்றிய காலத்துக் கணிப்பொறி ஒன்றை இன்றைய மாணவர் கண்டால் வியப்புறுவர். அது பாடாது, பேசாது. 'பீப்' என்னும் ஓசையே பெரும்பாலும் அதன் குரலாக இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. 1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணிப்பொறியில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதற்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: மின்சாரம் உண்டு, மின்சாரம் இல்லை. திறக்கவும் மூடவும் மட்டுமே அறிந்த கதவுக்கு அதனை ஒப்பிடலாம். மனிதக் குரலோ சங்குமுகம் கடற்கரையின் அலை போன்றது. அது சிறிது சிறிதாக உயர்ந்து, சிறிது சிறிதாகத் தாழும். கதவைக் கொண்டு அலையைக் காட்டுவது எளிதன்று.

இக்குறையை நீக்க ஒலியட்டைகள் வந்தன. 1987இல் ஆட்லிப், 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஆகியவை விற்பனைக்கு வந்தன. கணிப்பொறி வாங்குவதே அரிதாக இருந்த வீடுகளுக்கு அவை எட்டாக்கனிகள். அக்காலத்தில் அமெரிக்காவின் கோவாக்ஸ் நிறுவனம் 'ஸ்பீச் திங்' என்னும் சிறு கருவியை விற்றது. 'பேச்சுப் பொருள்' என்பது அதன் பெயரின் பொருள். அதனை அச்சுப்பொறிக்குரிய இணைப்புமுனையில் செருகினால் போதும், கணிப்பொறி பேசும். அதனுள்ளே இருந்தவை பெரும்பாலும் மின்தடைகளே என்று அறிந்த ஆர்வலர்கள், பல நாடுகளில் அதனைத் தம் வீட்டிலேயே பற்றவைத்துச் செய்துகொண்டனர்.

அதன் நுட்பம் மிக எளியது. அச்சுப்பொறிக்குச் செய்தி கொண்டுசெல்லும் கம்பிகள் எட்டு. ஒவ்வொன்றிலும் மின்சாரம் இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம். மின்தடைகளை ஏணிப்படிகள் போல இணைத்தால், முதற்கம்பி மொத்த மின்னழுத்தத்தில் பாதியைத் தரும். இரண்டாவது கால் பங்கைத் தரும். மூன்றாவது அரைக்கால் பங்கைத் தரும். இவ்வாறு ஒவ்வொன்றும் முன்னதில் பாதியாகக் குறைந்து செல்லும். எட்டுக் கம்பிகளும் சேர்ந்து 0 முதல் 255 வரை 256 படிகளை உண்டாக்கும். நொடிக்கு 8000 முறை ஓர் எண்ணை இந்த ஏணிக்கு அனுப்பினால் தொலைபேசியில் கேட்கும் அளவுக்குத் தெளிவான பேச்சு பிறக்கும். இலக்கண வகுப்பில் மாணவர் மாத்திரை பற்றிக் கற்கின்றனர். கண்ணிமைக்கும் நேரத்தை ஒலியின் அளவாகக் கொண்டனர் முன்னோர். அந்த ஒரு மாத்திரைக்குள் நூற்றுக்கணக்கான எண்கள் இந்த ஏணியில் ஏறி இறங்கிவிடும்.

இதற்குத் தேவையான மின்தடைகள் பதினாறே. அவற்றுள் ஏழு 10 கிலோ ஓம் அளவின. ஒன்பது 20 கிலோ ஓம் அளவின. இரண்டாம் வகை கிடைக்காவிடில் முதல் வகையில் இரண்டினைத் தொடராக இணைத்துக்கொள்ளலாம். அப்பொழுது ஒரே வகையில் இருபத்தைந்து போதும். கரகரப்பைத் தணிக்க ஒரு மின்தேக்கி வேண்டும். வெளிவரும் மெல்லிய மின்னலையைப் பெருக்க வீட்டிலுள்ள ஒலிநாடாக் கருவியே உதவும்.

எளியது என்பதால் கவனமின்றிச் செய்யலாகாது. 127 என்னும் எண்ணிலிருந்து 128க்குச் செல்லும்போது ஏழு கம்பிகள் ஒருசேர அணைய, முதற்கம்பி மட்டும் தனித்து நிற்கும். அதன் மின்தடை சற்றே பிழையானாலும் ஏற வேண்டிய படி இறங்கிவிடலாம். மென்மையான ஒலிகள் அந்த நடுப்படிகளிலேயே வாழ்கின்றன. ஆகவே உரத்த இசையில் மறைந்திருக்கும் பிழை, மெல்லிய பேச்சில் வெளிப்பட்டுவிடும். கம்பி மாறிப் பற்றவைத்தாலோ விலையுயர்ந்த கணிப்பொறியே பழுதாகலாம். செய்பவர் ஒவ்வோர் இணைப்பையும் இருமுறை சோதித்த பின்னரே அதனைச் செருகத் துணிவார். முதன்முறை ஒரு சொல் ஒலிக்கும்போது அவர் அடையும் மகிழ்ச்சி, கடையில் வாங்கிய பொருள் தரும் மகிழ்ச்சியினும் வேறானது. அந்த ஒலி எவ்வழியே வந்தது என்பதை அவர் படிப்படியாக அறிவார்.

கணிப்பொறி பேசுவது வெறும் பொழுதுபோக்கன்று. பார்வையற்ற ஒருவருக்கு ஒலியே திரை. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள் இல்லையேல் அவருக்குக் கணிப்பொறி மூடிய பெட்டியே. ஆனால் ஒலி எழுப்பும் கருவி இருந்தால் மட்டும் போதாது. அவருடைய மொழியில் பேசவும் வேண்டும். 'படம்' என்பதற்கும் 'பாடம்' என்பதற்கும் உள்ள மாத்திரை வேறுபாட்டை எவரேனும் கணிப்பொறிக்குக் கற்பித்திருக்க வேண்டும். ஈஸ்பீக் என்னும் கட்டற்ற மென்பொருள் இன்று தமிழையும் மலையாளத்தையும் பேசுகிறது. எவரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய இத்தகைய மென்பொருள்களைப் பரப்பும் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 2001இல் இத்திருவனந்தபுரத்திலேயே தொடங்கப்பட்டது.

அச்சுப்பொறி இணைப்புமுனை இன்றைய கணிப்பொறிகளில் பெரும்பாலும் இல்லை. எனினும் பள்ளி ஆய்வகத்தில் உள்ள ஆர்டுயினோ பலகையின் எட்டு முனைகளில் இதே ஏணியை ஆசிரியர் துணையுடன் கட்டலாம். அதில் முதலில் எந்த ஒலியை ஏற்றுவது என்று மாணவர் தேடி அலைய வேண்டியதில்லை. தெருவில் மலையாளமும் வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் கேட்கும் பிள்ளைக்கு, வீட்டில் பாட்டி அழைக்கும் குரல் ஒன்று உண்டு. அதனைப் பதிவு செய்து எண்களாக்கி ஏணியில் ஏற்றலாம். சற்றே கரகரப்புடன் ஒலிக்கும். ஆயினும் அது பாட்டியின் தமிழாகவே ஒலிக்கும்.