மணநாள் படத்தில் யார் முகம்?

இன்றைய திருமண வீட்டில் எவரும் மறுத்துப் பேச இயலாத ஒருவர் இருக்கிறார். அவர்தாம் படம் எடுப்பவர். நிக்காஹ் மஜ்லிஸில் ஹஜ்ரத் அவர்கள் குத்பாவைத் தொடங்கும் வேளையிலும், 'மாப்பிள்ளை, சற்று இந்தப் பக்கம் பாருங்கள்' என்று குரல் கொடுக்கும் துணிவு அவருக்கு உண்டு. நிழற்படம் கூடுமா, எந்த அளவுக்குக் கூடும் என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த விவாதத்துள் நான் நுழையவில்லை. நம் இல்லங்களில் பெரும்பாலும் படம் எடுக்கப்படுகிறது. அந்த ஒரு நாள் படத்துக்காக நம் பிள்ளைகள் தங்கள் உடம்பை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதே என் கவலை.

கீழப்பாவூரில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அலிஃப், பே தொடங்கி என்னிடம் ஓதிய சிறுமியர் வளர்ந்து, தம் திருமண அழைப்பிதழுடன் வாசலில் வந்து நிற்கும்போது மனம் குளிர்கிறது. முன்பெல்லாம், "உஸ்தாத்பி, துஆச் செய்யுங்கள்" என்று மட்டும் கேட்பார்கள். இப்போது அதனோடு, "உஸ்தாத்பி, படத்தில் சிவப்பாக விழ என்ன பூசலாம்?" என்றும் கேட்கிறார்கள். அப்பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொல்லி வந்ததையே இங்கே எழுதுகிறேன்.

அழகு விலக்கப்பட்டதன்று

அலங்கரித்துக் கொள்வது பேதைமை என்றோ, பக்திக்கு மாறானது என்றோ எவரும் எண்ண வேண்டியதில்லை. தலைமுடி கலைந்து கிடந்த ஒரு மனிதரைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், முடியைச் சீராக்கிக் கொள்ள இவருக்கு எதுவும் கிடைக்கவில்லையா என்ற கருத்தில் வினவினார்கள். நகம் களைவதற்கும் மீசை கத்தரிப்பதற்கும் நாற்பது நாட்களை மேல் வரம்பாக வைத்த மார்க்கம் நம்முடையது. மனைவி தமக்காக அலங்கரித்துக் கொள்வதை விரும்புவது போலவே, தாமும் மனைவிக்காக அலங்கரித்துக் கொள்ள விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக அறிகிறோம்.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்ன செய்தி. அது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அன்னையிடம் ஐந்து திர்ஹம் மதிப்புள்ள பருத்தி அங்கி ஒன்று இருந்தது. நபிகளார் காலத்தில் மதீனாவில் எந்தப் பெண்ணை மணக்கோலம் பூட்டினாலும், அந்த அங்கியை இரவல் கேட்டு அன்னையிடம் ஆள் அனுப்புவார்களாம். பின்னாளில் செல்வம் பெருகியபோது, வீட்டுப் பணிப்பெண்கூட அதை உடுத்தத் தயங்கினாள் என்பதையும் அன்னையே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

ஓர் ஊரின் மணப்பெண்கள் பலரும் ஒரே அங்கியை மாற்றி மாற்றி உடுத்தியிருக்கிறார்கள். அதில் எவருக்கும் மானக்குறைவு தோன்றவில்லை. நம் ஊரிலோ, அக்காளின் மணப்பட்டைத் தங்கை உடுத்தினால், 'பழைய படத்திலும் இதே சேலைதானே' என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சி, ஒரு பகல் உடுத்தும் ஆடைக்காகக் கடன் வாங்கும் வாப்பாமார்களை நான் அறிவேன். உடன்பிறந்தாளிடம் இரவல் வாங்குவதும், நல்ல உடையை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதும் இழிவல்ல. அதற்கு மதீனாவிலேயே முன்மாதிரி இருக்கிறது.

குற்றம் முகத்தில் இல்லை

எங்கள் வீட்டில் என் வாப்பாவின் மணநாள் படம் ஒன்று இருக்கிறது. தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சட்டை, வேட்டி, தொப்பி மூன்றும் பளிச்சென்று தெரிகின்றன. முகம் மட்டும் இருண்டு கிடக்கிறது. "சட்டைக்கு நிக்காஹ் முடித்து வைத்திருக்கிறார்கள்" என்று உம்மா சொல்லிச் சிரிப்பார்கள். வாப்பா நல்ல மாநிறம். படத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

இதன் காரணத்தை எனக்கு விளக்கியவர் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஓர் உறவினர். எதிரே உள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதித்தான் காமிரா ஒளியை அளக்கிறதாம். படத்தில் வெள்ளை மிகுந்திருந்தால் ஒளி அதிகம் என்று எண்ணிக் குறைத்து விடுகிறது. அப்போது முகம் இருண்டு போகிறது. முகத்துக்கு ஏற்றவாறு ஒளியைக் கூட்டினால், வெள்ளைச் சட்டையின் மடிப்பும் தையலும் மறைந்து வெறும் வெளுப்பாகி விடுகின்றன.

வண்ணப் படச் சுருள் வந்த பிறகு வேறொரு குறை சேர்ந்தது. அமெரிக்காவின் கோடாக் நிறுவனம், அச்சாகும் வண்ணம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் கொண்ட அட்டையைப் படக்கூடங்களுக்கு அனுப்பி வந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் நன்றாக விழுந்தால் போதும் என்பதே அளவுகோலாக இருந்தது. கறுத்த தோலின் நுட்பமான சாயல்கள் அதில் சரியாகப் பதியவில்லை. சாக்லேட் செய்வோரும் மரச்சாமான் விற்போரும் தங்கள் சரக்கின் நிறபேதம் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்டதும், அச்சுருள்கள் பின்னாளில் திருத்தம் பெற ஒரு காரணமாயிற்று. நம் தாய்மார்கள் மணநாளன்று முகத்தில் அப்பிக்கொண்ட பவுடருக்குப் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது. குறை கருவியில் இருந்தது. பழியை முகம் சுமந்தது.

இன்றைய காமிராக்களில் முகத்தை மட்டும் தனியே அளக்கும் வசதி உண்டு. ஆகவே படம் எடுப்பவரிடம், "முகத்துக்கு ஒளி அளந்து எடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பளீர் வெள்ளைக்குப் பதிலாகச் சந்தன நிறமோ பாலேட்டு நிறமோ உடுத்தினால் தோலின் நிறம் இயல்பாகத் தெரியும். உச்சி வெயிலில் நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். திண்ணை நிழலோ, பின்மாலை வெளிச்சமோ நல்லது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று வீசி, குற்றாலச் சாரல் நம் ஊர் வரை தூவும் நாட்களில் மேகமே மெல்லிய திரையாக நின்று வெளிச்சத்தைப் பரப்பி விடுகிறது. எந்தப் பூச்சும் தராத தெளிவை முகத்துக்கு அது தருகிறது.

பாதரசம் தரும் வெளுப்பு

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஓதிய பிள்ளை ஒருத்திக்குத் திருமணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை பார்ப்பவர். முதலில் படத்தைப் பார்த்துச் சம்மதித்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், நேரில் வந்தபோது, "படத்தில் இன்னும் நிறமாக இருந்தாளே" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் அதை அன்றே மறந்திருக்கக் கூடும். அந்தப் பிள்ளையால் மறக்க முடியவில்லை.

உறவுக்காரப் பெண் ஒருத்தி சிறிய டப்பா ஒன்றை வாங்கித் தந்தாள். செய்தவர் முகவரி இல்லை. சேர்மானம் என்னவென்ற விவரமும் இல்லை. சில வாரங்களில் முகம் வெளுத்தது. எல்லாரும் மெச்சினார்கள். மூன்றாம் மாதம் காலையில் எழும்போது கண்ணிமை வீங்கியிருந்தது. பிறகு பாதம் வீங்கியது. சிறுநீர் நுரைத்துப் போயிற்று. பரிசோதித்த மருத்துவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று, "முகத்துக்கு என்ன கிரீம் பூசுகிறாய்?" என்பது. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, உடம்பின் புரதம் சிறுநீரில் ஒழுகிக் கொண்டிருந்தது. அச்சடித்த அழைப்பிதழ்கள் வீட்டிலேயே தங்கின.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த விபத்தன்று. மலைக்கு அப்பால், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள், 2021 முதல் 2023 வரை தங்களிடம் வந்த இத்தகைய சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுள் 15 பேருக்கு இந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் பூசி வந்தவர்கள். பூசுவதை நிறுத்திய பின் பெரும்பாலோர் நலம் பெற்றார்கள் என்பது ஆறுதலான செய்தி.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால்தான் வெளுப்பு விரைவில் தெரிகிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. பூசியவரின் கை, துண்டு, தலையணை வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் சேரக் கூடும். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, பாதரசத்தைச் சேர்மானமாகக் கலக்கவே கூடாது. தவிர்க்க முடியாமல் கலந்துவிட்டாலும், முகப்பூச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. விலாசமற்ற டப்பாவுக்கு இந்த விதி எங்கே தெரியப்போகிறது? மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளும் இதே போன்று ஆபத்தானவை. அவை தோலை மெலியச் செய்து, முகத்தில் முடி வளரவும் பரு வெடிக்கவும் வழி செய்கின்றன.

அந்தப் பிள்ளைக்கு, அல்ஹம்துலில்லாஹ், உடல் தேறியது. அவளுடைய சொந்த நிறமும் திரும்பி வந்தது. நடந்ததையெல்லாம் கேட்டறிந்த மாப்பிள்ளை, "நிறம் வேண்டுமென்று நான் யாரிடம் கேட்டேன்?" என்று தம் வீட்டாரிடம் கோபித்துக் கொண்டாராம். அடுத்த விடுப்பில் அவர் ஊர் வந்தபோது நிக்காஹ் நடந்தது.

மருதாணியும் மற்றவையும்

மருதாணியிலும் எச்சரிக்கை தேவை. இலையை அரைத்து இட்டால் முதலில் செம்மஞ்சளாகத் தோன்றி, ஓரிரு நாளில் செந்தவிட்டு நிறமாகக் கனியும். ஆகவே மணநாளுக்கு இரண்டு நாள் முன்பே இட்டுக் கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால் அது தனி இலை அன்று. தலைச்சாயத்தில் சேரும் பி.பி.டி. என்னும் இரசாயனம் கலந்ததாக இருக்கலாம். சிலருக்கு அது கையைக் கொப்பளிக்க வைத்து, தழும்பையும் விட்டுச் செல்லும். கோலத்தின் வடிவிலேயே புண் வந்த கைகளை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளைமார்களுக்கும் சில சொற்கள். முடி வெட்டுவதை மூன்று நான்கு நாள் முன்னதாக முடித்து விடுங்கள். நிக்காஹ் அன்று காலையில் வெட்டினால் பிடரியில் வெளிறிய கோடு படத்தில் தெரியும். கத்திக் காயமும் தெரியும். தாடியைச் சீர்செய்து, நகத்தைக் களைந்து, பல்லை மிஸ்வாக்கால் துலக்கி வந்தாலே பாதி அழகு வந்துவிடும். சித்திரை வெயிலில் கனத்த ஷெர்வானி உடுத்தி வியர்வையில் நனைவதை விட, அளவாகத் தைத்த பருத்தி உடை எவ்வளவோ மேல். ஆண்களுக்குப் பட்டும் பொன்னும் விலக்கப்பட்டவை. படத்துக்காக ஒரு நிமிடம் என்று தங்க மோதிரத்தைப் பூட்டும் வழக்கத்தை இரு வீட்டாரும் விட்டுவிட வேண்டும்.

மணப்பெண்ணை நான்கு மணி நேரம் நாற்காலியில் அமர்த்தி ஒப்பனை செய்துவிட்டு, 'முகம் கழுவக் கூடாது' என்று சொல்லி விடுகிறார்கள். லுஹரும் அஸரும் அந்த ஒப்பனைக்குப் பலியாகின்றன. வாழ்வின் முக்கியமான நாளில் தொழுகையை விடுவது எப்படிப்பட்ட தொடக்கம்! ஒளுச் செய்த பிறகு ஒப்பனையைத் தொடங்கும்படியும், நேரத்தை வக்துக்கு ஏற்ப வகுக்கும்படியும் தாயார் முதல் நாளே சொல்லி வைக்கலாம். மருதாணியின் சாயம் ஒளுவைத் தடுக்காது, நகப்பூச்சு தடுக்கும். இதையும் பிள்ளைக்கு நினைவூட்ட வேண்டும்.

படம் யாருக்காக?

நம் பெத்தும்மாக்களின் காலத்தில் பத்தமடைப் பாயில் மணமக்களின் பெயரை நெய்து வைத்தார்கள். அது வீட்டுக்குள் இருந்த நினைவுப் பொருள். இன்றோ நிக்காஹ் முடியும் முன்பே மணப்பெண்ணின் படம் செல்பேசி வழியாக எத்தனையோ அந்நியரின் கைகளுக்குப் போய்ச் சேர்கிறது. பெண்கள் பகுதியில் பெண் ஒருவரே படம் எடுக்கட்டும். எடுத்த படங்கள் முழுவதையும் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கட்டும். இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி முடிப்பது நல்லது.

முகத்தை வெளுக்கச் செய்யும் வேலையை இப்போது கணினியும் செய்து கொடுக்கிறது. கேட்காமலே செய்து கொடுப்பவர்களும் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மகள் அந்தப் படத்தைப் பார்க்கும்போது, தன் உம்மாவின் முகத்தை அதில் காண வேண்டும். தன் மூக்கும் தன் நிறமும் யாரிடமிருந்து வந்தன என்று அவள் அறிய வேண்டும். அழித்து எழுதிய முகத்தில் அவள் எதைத் தேடுவாள்?

மாமியாராகப் போகும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டு வரும் சொல்லுக்கு, ஓர் இளம்பெண் தன் சிறுநீரகத்தை விலையாகக் கொடுக்க நேரிடுகிறது. மகளைப் பெற்றவர்களே! உங்கள் பிள்ளையின் அலமாரியைத் திறந்து, முகவரியற்ற டப்பாக்கள் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

நம் பிள்ளைகளின் முகங்களை அழகிய அமைப்பில் படைத்த அல்லாஹ், அந்த முகங்களோடே அவர்களை மனநிறைவுடன் வாழச் செய்வானாக! அவர்களின் இல்லறத்தில் பரக்கத்தைச் சொரிவானாக! ஆமீன்.