வெட்டி எறிந்த வகுப்பு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் தேவைப்பட்டது. நோயில் உருக்குலைந்த முகம் வேண்டாம், வாலிபத்தில் எடுத்ததாகப் பார் என்றார் அம்மா. டிரங்குப் பெட்டியில் 1968ஆம் வருட வகுப்புப் படம் இருந்தது. தடித்த அட்டையில் ஒட்டிய பெரிய படம். நடு நாற்காலியில் அப்பா. முழுப் படத்தையும் கொண்டுவாருங்கள், முகத்தை மட்டும் பெரிதாக்கித் தருகிறேன் என்றுதான் ஸ்டுடியோக்காரர் சொன்னார். பையில் அடங்கவில்லை என்பதற்காகக் கத்தரிக்கோலை எடுத்து அப்பாவை மட்டும் வெட்டிக்கொண்டு போனேன். மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். துக்கத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மற்ற முகங்கள் எனக்கு யாரோ எவரோ. அதனால்தான் வெட்ட முடிந்தது.

அப்பா கோலார் தங்கவயலில் தமிழ் வாத்தியார். படத்தில் தரையில் கை கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்த பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்கப் போய் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சனங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். அதில் மாண்டவர்கள் உண்டு. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இருமி இருமியே போனவர்கள் உண்டு. அவர்கள் வீடுகளில் கேமரா ஏது? வருடம் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் எடுக்கும் படத்தில்தான் ஒரு பையனுக்கு முகம் கிடைத்தது. அட்டையின் பின்புறம் வரிசை வரிசையாக எல்லோர் பெயரையும் அப்பா மையால் எழுதி வைத்திருந்தார். படத்தில் பிள்ளைகளின் தலைக்கு மேலே சுரங்க ஷாஃப்டின் இரும்புச் சக்கரம் தெரிந்தது. எல்லாம் போயிற்று. பிள்ளைகள் எழுதிக் கொடுத்த ஆட்டோகிராஃப் நோட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டதும் நான்தான்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். ஊர் சிதறியது. இருந்தவர்களில் பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர், அப்பாவின் பழைய மாணவர், ஒருநாள் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, சார்கிட்ட எங்க கிளாஸ் போட்டோ இருந்துச்சே. அதுல எங்க அண்ணன் இருக்கான். ஃபெயிலாகி என்கூடவே படிச்சான். சுரங்கத்துல செத்துட்டான். வேற படமே இல்ல."

நான் உண்மையைச் சொல்லவில்லை. "தேடிப் பார்க்கிறேன் அண்ணே" என்றேன். அடுத்த முறை கேட்டபோது, வீடு மாற்றியதில் தொலைந்துவிட்டது என்றேன். நம்பிவிட்டார். சார் வீட்டுப் பிள்ளை பொய் சொல்லாது என்ற நம்பிக்கை அது. படத்தை வெட்டியதைவிட இந்தப் பொய்தான் என்னை அதிகம் வதைக்கிறது.

படம் எடுத்த ஸ்டுடியோவில் விசாரித்தேன். பல ஊர்களில் நடந்ததுதான் அங்கும் நடந்திருந்தது: வெள்ளி பிரிப்பவர்களிடம் பழைய நெகட்டிவ்களை விற்றுவிட்டார்கள். ஆனால் அந்த வகுப்பில் காசு கொடுத்துப் பிரதி வாங்கிய வீடு ஒன்றாவது இருக்கும். மாரிகுப்பத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் தெரிந்தவர்கள் மூலம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன், அதுவும் கோழைத்தனம். இது அச்சாகி அவர் கையில் கிடைப்பதற்குள் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.