வீட்டின் கடைசி அறை

ஈப்போவுக்கு வருகிறவர்கள் 1917-இல் கட்டி முடித்த ரயில் நிலையத்தின் முன் படம் எடுத்துக்கொள்வார்கள். பங்லிமா சந்தில் நடப்பார்கள். வெள்ளைக் காப்பி குடித்து, புந்தோங்கில் கச்சான் பூத்தே வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். நான் பார்க்கச் சொல்வது பின்சந்துகளை. அந்தக் காலத்துக் கடைவீடுகளின் பின்சுவரில் தரையோடு ஒட்டிச் சின்னக் கதவு வைத்துக் கட்டினார்கள். வாளிக் கழிவறை இருந்த நாளில், துப்புரவுத் தொழிலாளர்கள் அந்த வழியாகத்தான் வாளியை எடுத்துப் போனார்கள்.

தோட்டத்தில் அதுவும் வீட்டை ஒட்டி இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். லயத்துக்குப் பொதுக் குழாய், கழிவறை தள்ளி எங்கோ. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்பதால் பெண்கள் இருட்டிலேயே குளித்து முடிப்பார்கள். மழை ராத்திரியில் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கினால், கையில் விளக்கோடு அம்மாவும் கூடவே நனைவாள்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தாமான்களாயின. நகரத்துக்கு வந்த குடும்பங்கள் வரிசை வீடு வாங்கியபோது, சொந்தக் கூரைக்குள் ஒரு குளியலறை இருந்ததே பெரிய சொத்து. சமையலறைக்குப் பின்னால், குந்தும் கழிவறை, மூலையில் சிமெண்டுத் தொட்டி, சுவரில் இரும்புக் குழாய். இன்று அந்த வீடுகளுக்கு வயது நாற்பது. வாங்கியவர்களுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது.

என் அம்மாவும் அவர்களில் ஒருவர். ஈரத் தரையில் அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பதைப் பார்த்த பிறகு, வரவேற்பறைக்கு ஒதுக்கிய காசைக் குளியலறைக்குத் திருப்பினோம்.

"குந்துறதை எடுத்துக்கோ. தொட்டியை மட்டும் உடைக்காதே. மொண்டு ஊத்தாம குளிச்ச மாதிரியே இருக்காது" என்றார் அம்மா.

நியாயமான பேச்சு. தண்ணீர் நின்றுபோகும் நாளில் அந்தத் தொட்டிதான் கைகொடுத்தது. ஆனால் கழுவாமல் விட்ட தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதமும் உண்டு. எழுபது வயதில் யார் குனிந்து தொட்டி தேய்ப்பது? தொட்டியை எடுத்துவிட்டு, மூடி போட்ட பெரிய வாளியும் காயோங்கும், உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலியும் வைத்தோம். அம்மா சமாதானமானார்.

பழைய வரிசை வீட்டில் கை வைக்குமுன் சிலவற்றைக் கவனியுங்கள். இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்திருக்கும். புதுத் தரைக்கல்லுக்கு அடியில் அதை விட்டுவைத்தால், பிறகு கல்லை உடைக்க நேரும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் சுவர் ஒன்றுதான். தட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சுவரை இடிப்பதோ பின்பக்கம் நீட்டுவதோ என்றால் மாநகர் மன்ற அனுமதி வேண்டும். நீர்க்கசிவுப் பூச்சு காய்ந்ததும் தரையில் ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கசியவில்லை என்றால்தான் கல் பதிக்க வேண்டும். சுடுநீர்க் கருவிக்குத் தனி மின்கம்பியும் 10 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானும் போடச் சொல்லுங்கள்.

தரைக்கல் பளபளக்க வேண்டாம், சொரசொரப்பாக இருக்கட்டும். கைப்பிடியைச் செங்கல்லில் இறுக்க வேண்டும். கல்லின் மேல் ஒட்டினால் பாரம் தாங்காது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை உடம்பே அடைத்துக்கொள்ளும்.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நாம் தீபாவளிக்கு வந்து வீட்டின் முன்சுவருக்குச் சாயம் அடிக்கிறோம். இந்த முறை வாளியைத் திறக்குமுன் பின்பக்கம் போய், அந்தக் கடைசி அறையின் தரையில் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். எந்த வேலையை முதலில் தொடங்குவது என்பது தெரிந்துவிடும்.