சோளம்: ஒரு பயிரும் ஒரு பெயரும்

செட்டிகுளத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கற்க வந்த மாணவன் ஒருவன், நூலகத்திலே தமிழகத்தில் அச்சான வேளாண்மை நூலொன்றைப் புரட்டியபோது திகைத்து நின்றான். ‘சோளம்’ என்னும் தலைப்பின் கீழ்க் காணப்பட்ட செடி அவன் அறிந்த சோளம் அன்று. அதன் உச்சியிலே கதிர் திரண்டிருந்தது; மணிகள் சிறியனவாய் உருண்டிருந்தன. தன் வீட்டுச் சேனையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, இடையிலே பொத்தி தள்ளும் பயிரை அவன் அந்நூலில் தேடினான். அது ‘மக்காச்சோளம்’ என்ற பெயரில் வேறோர் அதிகாரத்தில் இருந்தது. தாய் வாயிலிருந்து கற்ற சொல்லுக்கு நூல் வேறு பொருள் கூறுமாயின், பிழை யாரிடத்து உள்ளது?

பிழை எவரிடத்தும் இல்லை. ஆபிரிக்காவில் தோன்றி, மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவை அடைந்த தானியமே தமிழகத்தார் கூறும் சோளம். வன்னியார் கூறும் சோளமோ மெக்சிக்கோவிற் பிறந்தது. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டு மக்கள் ஒருவகைக் காட்டுப் புல்லைப் பேணித் திருத்தி அதனை உருவாக்கினர். 1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்த பின்னரே அது ஏனைய உலகுக்குத் தெரியவந்தது. ஆசியக் கரைகளுக்கு அதனைக் கொணர்ந்தவர் போர்த்துக்கேயர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. புதிதாய் வந்த பயிருக்கு, ஏற்கெனவே இருந்த பயிரின் பெயரை ஈழத்துத் தமிழர் இட்டனர். தமிழகத்தாரோ பழையதற்குப் பழைய பெயரையே விட்டுவைத்துப் புதியதற்கு ஓர் அடைமொழி சேர்த்தனர்.

இவ்வாறு பெயரிடுவதில் உலகமே தடுமாறியிருக்கிறது. இத்தாலியர் இதனைத் துருக்கியத் தானியம் என்றனர். துருக்கியர் ‘மிஸிர்’ என்றனர். அச்சொல் எகிப்தைக் குறிக்கும். மக்காச்சோளம் என்பதிலுள்ள ‘மக்கா’ அரபு நாட்டுப் புனித நகரைச் சுட்டுவதாகக் கூறுவர். அவரவரும் இதனைத் தமக்கு அப்பாலுள்ள எவரோ ஒருவரின் பயிராகவே கண்டனர். அதன் சொந்தப் பெயரோ கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் வழங்கிய ‘மாஹிஸ்’ என்பது. அது ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்திற் புகுந்து நின்றது.

இலங்கையிலும் இச்சொல்வழக்கு சுவை மிக்கது. கிழக்கிலங்கையார் ‘சோளன்’ என்பர். சிங்களத்தில் இதற்குப் பெயர் ‘பட இரிங்கு’. ‘பட’ என்பது வயிறு. கதிர் உச்சியில் அன்றித் தண்டின் இடையிலே தோன்றுவதை அப்பெயர் அழகுறச் சுட்டுகிறது எனலாம். ‘இறுங்கு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சோளவகை என்றே பொருள் தருகிறது. இவ்விரு சொற்களின் ஒலியொப்புமை ஆராயத்தக்கது.

பெயரை விடுத்துப் பயிரை நோக்குவோம். செட்டிகுளத்தில் குளத்தின் கீழுள்ள வயல் நெல்லுக்கு உரியது. மேட்டு நிலம் சேனைக்கு உரியது. ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் சோளம் ஊன்றப்படும். குரக்கனும் பயறும் உழுந்தும் அதன் அயலிலே வளரும். மார்கழி கழியும் வேளையில் இளம் பொத்திகள் அவியலுக்கும் சுடுதலுக்கும் ஆகும். முற்றியவை காய்ந்து மாவாகிப் பிட்டாகவும் ரொட்டியாகவும் மாறும். அதற்கிடையில் பகலில் கிளியையும் இரவில் பன்றியையும் யானையையும் காத்து நிற்றல் வேண்டும்.

இக்காவல் சோளத்துக்கு வேறெப்பயிரினும் இன்றியமையாதது. பொத்தியினுள்ளே ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வோர் இழை உண்டு. அவ்விழை வழியே மகரந்தம் இறங்கினாலன்றி அம்மணி உருவாகாது. உருவான மணிகளோ தண்டிலே இறுகப் பற்றி, மடல்களால் மூடப்பட்டிருப்பவை. அவை தாமாகச் சிதறுவதில்லை. பொத்தியோடு நிலத்தில் விழுந்தால், நெருக்கமாய் முளைத்த கன்றுகள் ஒன்றையொன்று நெரித்து அழியும். உரித்து, உதிர்த்து, இடைவிட்டு ஊன்ற மனிதக் கை வேண்டும். அக்கை இல்லாவிடின் இப்பயிர் நிலைக்காது.

இவ்வுண்மையை அம்மாணவனின் தாய் நூலிற் கற்கவில்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்து அவள் மீண்டபோது, காணியில் வேம்பும் புளியும் முன்னையினும் பெருத்து நின்றன, சேனை பற்றைக்காடாகியிருந்தது, சோளத்தில் ஒரு தாள்கூட இல்லை. பின்னர் 2009இல் அதே செட்டிகுளத்து மண்ணில் மெனிக்பாம் முகாம் எழுந்தது. வன்னியின் உட்பகுதிகளிலிருந்து வந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரில் இறுதிக் குடும்பங்களும் வெளியேறும் வரை, உழுதுண்டு வாழ்ந்தோர் பலர் பிறர் அளந்த உணவுக்கு வரிசையில் நின்றனர். விதைப்பவன் வேலிக்குள் இருக்கையில் விதைக்கு வாழ்வேது?

இன்று சேனைகளில் மீண்டும் சோளம் நிற்கிறது. ஆயின் அது முன்னைய சோளம் அன்று. விளைவதிற் பெரும்பகுதி கோழித்தீனுக்குச் செல்கிறது. 1973இல் தொடங்கப்பட்டுக் கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா மாவிலும் சோளமே முதன்மையானது. இளம் பொத்தியைத் தவிர, வீட்டு அடுப்புக்கு வருவது அருகிவிட்டது. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட பத்ரா, ருவன் முதலிய இனங்களில் அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்கலாம். இறக்குமதியாகும் கலப்பின விதையோ கூடிய விளைச்சல் தரும். அதன் மணியை மறுபடி ஊன்றினால் அதே குணம் வராது. ஆகவே ஆண்டுதோறும் கடையை நாட வேண்டியுள்ளது. 2018/19 பெரும்போகத்திற் படைப்புழு நாடெங்கும் சோளத்தை அழித்தபோது, கடன்பட்டு விதை வாங்கியோரின் துயர் இரட்டித்தது. அப்புழுவும் அமெரிக்காவிற் பிறந்ததே. ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியாயினும் தன் பழைய பயிரைத் தேடி அது வந்து சேர்ந்துவிட்டது.

விளைச்சல் பெருகுவது வேண்டாமென எவரும் கூறார். கடனில் வாழும் கமக்காரனுக்கு அது வாழ்வாதாரம். எனினும் விதையைத் தன் கையில் வைத்திருப்பவன் இடம்பெயர்ந்தாலும் ஒரு முடிச்சோடு புறப்படலாம். மீண்டு வந்து தொடங்கலாம். இப்பெறுமதி எந்த விலைப்பட்டியலிலும் காணப்படுவதில்லை.

விடுமுறைக்கு வீடு சென்ற மாணவன், தான் நூலகத்திற் கண்டதைத் தாயிடம் கூறினான். “அங்கை அதுக்கு மக்காச்சோளம் எண்டு பேராம், அம்மா.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது தானா முளைக்காது, தம்பி” என்றாள். அடுப்புக்கு மேலே, புகை படியும் வளையில் மடலோடு முடிந்து தொங்கவிட்டிருந்த நான்கு பொத்திகளில் ஒன்றை எடுத்து, பூச்சி தொட்டிருக்கிறதா என்று மடலை விலக்கிப் பார்த்தாள். தொடவில்லை. மீண்டும் அதே இடத்திற் கட்டிவிட்டாள். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.