பால் பொங்கவில்லை, விழுந்தது

காலை ஆறரை மணி. மும்பை செம்பூரை ஒட்டிய திலக் நகரில், வீட்டு வசதி வாரியம் கட்டிய பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வாரமே ஆன பெண், அடுப்படியில் நின்றிருந்தார். வாசலுக்கு வந்த எதிர்வீட்டு மராத்தி அம்மாள் திடீரென்று அலறினார்: "பால்! பால்!"

மராத்திக்காரர் தமிழில் எச்சரிக்கிறாரே என்று நெகிழ்ந்துபோன புதுப்பெண் அவசரமாக அடுப்பை அணைத்தார். பால் பொங்கவே இல்லை. தொப்பென்று தோளில் விழுந்தது பல்லி.

மராத்தியில் 'பால்' என்றால் பல்லி. பாலுக்கு 'தூத்'. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்தக் கட்டடத்தில் இந்தக் கதைக்கு மவுசு குறையவில்லை. அன்று மாமியார் பஞ்சாங்கத்தை எடுத்து, விழுந்த இடத்துக்குப் பலன் பார்த்துவிட்டுத்தான் மருமகளையே பார்த்தாராம். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் ஏற்கெனவே தொட்டு வந்தவர் மருமகள் என்று தெரிந்த பிறகே அன்றைய காபி கிடைத்தது.

குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவே ஹார்பர் லைன் ரயில் நிற்கும் இந்தப் பேட்டையில் பல்லிக்குப் பஞ்சமில்லை. டியூப் லைட் போட்டதும் டியூட்டிக்கு வந்துவிடும். விரட்டுவதற்காகச் சுவரில் செருகிய மயிலிறகின் மேலேயே உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். துடைப்பத்தோடு துரத்துபவர்களுக்கு மிஞ்சுவது துடிக்கும் வால்தான். கூரையில் தலைகீழாக ஓட அதற்குப் பசை எதுவும் தேவையில்லை. பாதங்களில் உள்ள லட்சக்கணக்கான நுண்மயிர்களுக்கும் சுவருக்கும் இடையிலான மூலக்கூறு ஈர்ப்பே போதும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் உறுதி செய்தார்கள். இமை கிடையாது; கண்ணை நாக்கால் துடைத்துக்கொள்ளும்.

ஆனால் தகராறு அதன் காலில் இல்லை, குரலில் இருக்கிறது. பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால், சொன்ன வார்த்தை பலிக்கும் என்று தரையைத் தட்டுவது தமிழர் வழக்கம். மராத்தியிலோ, மனதில் 'சந்தேகப் பல்லி' ஒலித்தது என்பார்கள். எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். மராத்திக் கட்சிக்குத் தமிழிலேயே பழைய சாட்சி உண்டு. நற்றிணையின் 98ஆம் பாட்டில், தினை மேய வந்த காட்டுப்பன்றி, பொறி வைத்த வழியில் நுழையும்போது பல்லி சொல்லக் கேட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறது.

சமீபத்தில் அதே கட்டடத்தில் கூட்டம். சுற்றியுள்ள பல கட்டடங்களைப் போல இதையும் இடித்து உயரமாகக் கட்டப் பேச்சு. எதிரெதிர் வாசல்களில் வயதான இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இடித்துவிட்டால் இருவரும் வேறு வேறு பேட்டைகளில் வாடகைக்குப் போக வேண்டும். திரும்பி வரும்வரை உடம்பு தாங்க வேண்டும். "மூன்றே வருடம், சாவி கையில்" என்றார் பில்டரின் ஆள். சுவரிலிருந்து பல்லி சொன்னது.

தமிழ்ப் பாட்டியின் விரல் பழக்கத்தில் தரையைத் தட்டியது. "பலிக்கும்" என்றார்.

"எனக்குச் சந்தேகப் பல்லி" என்றார் மராத்தி ஆஜி.

கூட்டம் சிரித்தது. தமிழ்ப் பாட்டி கொஞ்சம் யோசித்தார். பிறகு பில்டரின் ஆளிடம் மராத்தியில் சொன்னார்: "அது எந்த பாஷையில் சொன்னதோ! சாவி தரும் தேதியையும் அதுவரைக்கும் வாடகையையும் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து அப்புறம்."