பீரோவுக்குப் பின்னால் ஒரு வை-ஃபை

எங்கள் அடி அண்ணாமலையில் எது ரிப்பேரானாலும் பழியைப் பௌர்ணமி மேல் போடுவது வழக்கம். பால் லேட்டா? பௌர்ணமி. பஸ் இல்லையா? பௌர்ணமி. வை-ஃபை படுத்துவிட்டதா? ‘பாருங்க சார், எவ்ளோ கூட்டம்!’ என்பார் அடுத்த வீட்டுக்காரர்.

14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்க ஜனம் நடக்கும்போது செல்போன் திணறுவது நிஜம். ஆனால் வீட்டுக்குள் கேபிளில் வரும் இன்டர்நெட்டை பக்தர்கள் என்ன செய்ய முடியும், பாவம்!

மகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங். 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன்தானே! கல்லூரிப் பட்டியலை அன்று மாலைக்குள் பூட்டியாக வேண்டும். கம்ப்யூட்டரில் சக்கரம் சுற்றுகிறது. புண்ணியமில்லாத கிரிவலம்!

‘ஏங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்றாள் மனைவி. பண்ணியாயிற்று. ‘எலுமிச்சம்பழம் சுத்திப் போடுடா’ என்றாள் அம்மா. அதுவும் ஆயிற்று.

பிறகு முறைப்படி ஆரம்பித்தேன். முதலில், பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறதா? மலை மேல் தீபம் சிவப்பாக எரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். பெட்டியில் எரிந்தால் கம்பெனிக்குத்தான் போன் போட வேண்டும், கேபிளில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். நல்லவேளை, எரியவில்லை.

அடுத்து, பெட்டியையும் கம்ப்யூட்டரையும் ஒயரால் நேராக இணைத்தேன். பறந்தது! ஆக, தெருவில் தப்பில்லை. பெட்டிக்கும் அவள் ரூமுக்கும் நடுவில்தான் வில்லன்.

வில்லன் யார்? மாமனார் சீராகக் கொடுத்த இரும்பு பீரோ! கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன், ஒயர் அங்கேதான் எட்டுகிறது என்று பெட்டியை அதன் பின்னாலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தான். ரேடியோ அலைக்கு இரும்பு ஆகவே ஆகாது. அதைத் தாண்டினால் பழைய காலத்துக் கருங்கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் ஜாஸ்தி, ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதற்கும் மைக்ரோவேவ் அடுப்பு பங்காளி. இரண்டும் ஒரே அலைவரிசைக்கு அடித்துக்கொள்ளும்.

பீரோ பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒயரிலேயே பட்டியலைப் பூட்டினாள் மகள். மறுநாள் நீள ஒயர் வாங்கி, பெட்டியை ஹால் நடுவில் உயரத்தில் ஏற்றினேன். இப்போது அவள் ரூமிலும் முழுக்கோடு.

ஒன்று கவனியுங்கள்: போனில் தெரியும் அந்தக் கோடுகள், பெட்டியிலிருந்து போன் வரைக்கும்தான் சாட்சி. கோடு முழுசாக இருந்தும் இன்டர்நெட் இல்லையென்றால், பீரோவைத் திட்டாதீர்கள். பெட்டியையும் கேபிளையும் பாருங்கள்.

பெட்டிக்கு அம்மா விபூதி பூசியிருக்கிறாள். இருக்கட்டும். விபூதி எந்த அலையையும் தடுக்காது!